ஆரத்தித் தட்டைத் திருப்பிப் பிடித்த அண்ணிக்கு

அண்ணி,

நம் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் இப்போது எங்கே நின்றாலும் பெயின்ட் வாசனை. கோபுரத்துப் பொம்மைகளுக்குத் திரும்பவும் வண்ணம் அடிக்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை திருத்தணிக்குக் கடை திறக்கக் கிளம்பியபோது, ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகலாம் என்று உள்ளே நுழைந்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சாமி ஞாபகம் வரவில்லை. நீங்கள்தான் வந்தீர்கள். வாசலில் பதித்த கருங்கல்லில் செங்கல் சூளைக்காரர் பெயர் பளபளவென்று அப்படியே இருக்கிறது. அந்தக் கல் எப்படி அங்கே வந்தது என்று நமக்குத் தெரியாதா?

முந்தின நாள்தான் அமெரிக்காவிலிருந்து என் பையன் பேசினான். நீங்கள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை, இப்போது அங்கே ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். முதலாளி கூப்பிட்டார் என்று ஒரு விருந்துக்குப் போனானாம். அந்த நாட்டுக்கு அதிபர் ஆக ஆசைப்படுகிற ஒருவருக்காக நடந்த விருந்து. அங்கே உட்கார்ந்து சாப்பிட ஒருவர் கொடுத்த பணத்தில் நம் பஸ் ஸ்டாண்டு இட்லிக் கடையை இரண்டு வருஷம் நடத்தலாம் என்றான். எலக்ஷன் வந்துவிட்டதா என்று கேட்டேன். இல்லையாம். ஒரே கட்சியில் யார் நிற்பது என்று முதலில் அவர்களுக்குள்ளேயே ஒரு போட்டியாம். அதில் பெரிய கைகளிடம் பணம் சேர்க்க முடியாதவர்கள், ஜனங்கள் ஒரு ஓட்டுக்கூடப் போடுவதற்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடுவார்களாம். அவன் அதை ஒரு அதிசயம் மாதிரி சொன்னான்.

"இதுல இன்னாடா அதிசயம்? நம்ம ஊரு கோயில்ல இதைத்தானே பண்ணாங்க" என்றேன். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை அண்ணி.

ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிய வருஷம் அது. மனு போடுவதற்கு முன்னால் ஊரார் கோயில் மண்டபத்தில் கூடினார்கள். பதவி பெண்ணுக்கு, கூட்டத்தில் மட்டும் ஒரு பெண் கிடையாது. நீங்களும் நானும் இன்னும் நாலு பேரும் வெளியே அடுப்பு மூட்டி அவர்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தோம். உள்ளே ஏலம் நடந்தது. கோயில் திருப்பணிக்கு யார் அதிகம் கொடுக்கிறாரோ அவர் வீட்டம்மா மட்டும் மனு போடலாம், மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். சூளைக்காரரும், வீட்டுமனை போட்டு விற்கிற பிளாட்காரரும் மாறி மாறி ஏற்றினார்கள். ஒவ்வொரு தடவை தொகை ஏறும்போதும் உள்ளே சந்தோஷமாகக் கை தட்டினார்கள். யாரும் எதையும் திருடுவதாக நினைக்கவில்லை, சாமிக்குத்தானே போகிறது என்று நினைத்தார்கள். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது.

சூளைக்காரர் பேரில் முடிந்தது. காபித் தட்டோடு உள்ளே போன நீங்கள் திரும்பி வரவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு நடு மண்டபத்தில் நின்றீர்கள்.

"கோயிலுக்குக் குடுக்கறது நல்ல காரியங்க. அதுக்கு எங்க ஓட்ட ஏங்க ஏலம் உட்றீங்க? நான் மனு போடப்போறேன்" என்றீர்கள்.

நான் வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். என் அண்ணன் தூணோரம் உட்கார்ந்து தரையைப் பார்த்தான். அவன் சூளைக்காரரின் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தான். மறுநாள் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவன் உங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை, காலை ரயிலில் அரக்கோணத்துக்கு வேலை தேடிப் போனான். அப்படி ஒரு ஆம்பளையை நீங்கள் கட்டிக்கொண்டது எங்கள் வீட்டுப் புண்ணியமா உங்கள் புண்ணியமா, தெரியாது.

டெபாசிட் பணத்தை நூறு நாள் வேலைக்கு உங்களோடு வந்த பெண்கள் போட்டார்கள். அதற்கப்புறம்தான் பிளாட்காரர் ஒரு பை நிறைய ஆப்பிளோடு நம் வீட்டுக்கு வந்தார். ஏலத்தில் தோற்ற எரிச்சல் அவருக்கு. போஸ்டர், ஆட்டோ, மைக் செட்டு, கடைசி நாள் வீட்டுக்கு வீடு கொடுக்கிற கவர் எல்லாம் தன் பொறுப்பு, நீங்கள் நின்றால் மட்டும் போதும் என்றார். நான் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, சரி என்று சொல்லுங்கள் என்று இடுப்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தேன். நீங்கள் ஆப்பிளையும் சேர்த்துத் திருப்பி அனுப்பினீர்கள். அன்றைக்கு நமக்குள் நடந்த சண்டை தெருவுக்கே கேட்டிருக்கும்.

"துட்டு அவருது, பேரு நம்மளுது. வாங்கிக்கினா இன்னா அண்ணி?"

"நாளைக்கு ஏரிக் கால்வாய் மேல மனை போட்டுகினு வந்து நிப்பாரு. அப்ப எந்த வாயால வாணாம்னு சொல்றது பாப்பா?"

ஜெயித்தால்தானே அண்ணி அந்தக் கேள்வியே வரும் என்று கத்தினேன். நீங்கள் அரிசி களைய எழுந்து போனீர்கள். நான் கேட்டது நல்ல கேள்வி என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஓட்டுக் கேட்கப் போன முதல் நாள் நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. நம் பெண்கள் உங்கள் மேல் இருந்த ஆசையில் வீட்டுக்கு வீடு ஆரத்தி கரைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். வேட்பாளர் வந்தால் ஆரத்தி எடுக்க வேண்டும், எடுத்தால் வேட்பாளர் தட்டில் பணம் போட வேண்டும். இதுதானே வழக்கம், அவர்களுக்கு வேறு என்ன தெரியும்? நீங்களும் போட்டீர்கள். ஒரு தெரு முடிவதற்குள், அந்தப் பெண்களே செலவுக்கென்று சேர்த்துக் கொடுத்த பணம் அந்தப் பெண்களின் தட்டுக்கே திரும்பிப் போய்விட்டது. சுருக்குப் பையை உதறிக் காட்டினீர்கள், ஒன்றும் விழவில்லை. அடுத்த வீட்டில் ஒருத்தி தட்டோடு சிரித்துக்கொண்டு நின்றாள்.

நீங்கள் அவள் கையிலிருந்த தட்டைப் பிடுங்கினீர்கள். அவளை நிற்கவைத்து, அவளுக்கு மூன்று சுற்று சுற்றிப் பொட்டும் வைத்துவிட்டு, தட்டை அவள் முன்னால் நீட்டினீர்கள். "இப்ப நீ போடு" என்றீர்கள். தெருவே சிரித்தது. அவள் விழித்துவிட்டு உள்ளே போய்ப் பத்து ரூபாய் கொண்டுவந்து போட்டாள்.

அதற்கப்புறம் தட்டு உங்கள் கையில், மஞ்சள் நீர்க் குடம் என் கையில். ஓட்டும் கேட்கிறாள், துட்டும் கேட்கிறாள், இவளுக்கு எவ்வளவு கொழுப்பு என்று டீக்கடையில் பேசினார்கள். நீங்கள் ஒவ்வொரு வாசலிலும் அதே வார்த்தையைச் சொன்னீர்கள். "நீ பத்து ரூபா போட்டா நாளைக்கு என்னை நிக்க வெச்சிக் கேள்வி கேக்கலாம். நான் கவர் குடுத்தா உன்னால கேக்க முடியாது." கரும்பு வெட்டுகிற ஆள் போட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பல் விளக்கிக்கொண்டிருந்த வாத்தியார் போட்டார். தட்டு நிறைவதைப் பார்த்து நீங்கள் என்னிடம், "துட்டு போட்ட கை ஓட்ட மாத்திப் போடாது" என்று சொன்னபோது உங்கள் முகம் அவ்வளவு அழகாக இருந்தது. நானும் நம்பிவிட்டேன்.

கடைசி நாள் சூளைக்காரர் ஆட்கள் வீட்டுக்கு வீடு கவரும் புடவையும் கொடுத்தார்கள். பிளாட்காரரும் அதற்குள் அவரோடு ராசியாகிவிட்டார். நீங்கள் தோற்றீர்கள். ஓட்டு எண்ணிய இடத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது, ஊர் எல்லையில் கேட்டீர்கள்.

"தட்டுல போட்டாங்களே பாப்பா. அப்புறம் ஏன்?"

பிளாட்காரர் பணத்தை வாங்கியிருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்து, உங்கள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். ஏரிக் கால்வாய் மேல் மனை வந்தது. தலைவர் கையெழுத்துப் போட்டார், அதாவது சூளைக்காரர் காட்டிய இடத்தில் அவர் வீட்டம்மா போட்டார். இப்போது மழை பெய்தாலும் ஏரிக்குத் தண்ணீர் வருவதில்லை.

வேடிக்கை என்னவென்றால் ஊரார் தோற்ற உங்களைத்தான் தேடி வந்தார்கள். பைப்பில் தண்ணீர் வரவில்லை, முதியோர் பணம் நின்றுவிட்டது என்று, நம் வாசலில் வந்து அதட்டிக் கேட்டார்கள். பத்து ரூபாய் போட்டோமே என்று ஒருவர் சொல்லியே காட்டினார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். ஓட்டை அங்கே போட்டுவிட்டு இங்கே வந்து நிற்கிறீர்களே, உங்களுக்கு வெட்கமில்லையா என்று நான் கேட்பேன். நீங்கள் என்னை அடக்கிவிட்டு, மனுவை எழுதச் சொல்லித் தாலுக்கா ஆபீசுக்குப் பஸ் ஏறுவீர்கள். ஆனால் அந்தத் தட்டைப் பற்றி அப்புறம் நீங்கள் பேசியதே இல்லை. யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவீர்கள். போன மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்து எழுந்திருக்காமலே போனீர்கள். மொத்த ஊரும் உங்களை ஏமாற்றியது என்ற நினைப்போடுதான் போனீர்கள் என்பது எனக்குத் தெரியும். அது எனக்குத் தாங்கவில்லை அண்ணி.

அதனால்தான் இதை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அந்தக் கோயிலில் சூளைக்காரர் வீட்டம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். கல்லில் அவர் பெயர் இல்லை, புருஷன் பெயர் மட்டும்தான், அதை நான் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

"எல்லா வீட்டுக்கும் போனாங்க. எங்க வீட்டுக்கு மட்டும் உங்க அண்ணி தட்டு எடுத்துகினு வரல" என்றார்.

எதிர்த்து நிற்கிறவர் வீட்டுக்கு எப்படிம்மா வருவது என்று கேட்டேன். அவர் பெயின்ட் அடிக்கிறவர்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"ஆங், எப்படி வருவாங்க. ஆனா ஓட்டுச் சீட்டுல என் பேரு மேல இருந்துச்சிக்கா. நான் அதுல குத்தல. உங்க அண்ணி சின்னத்துலதான் குத்தினேன். யாராண்டயும் சொன்னதில்ல."

அந்த வீட்டுப் பணம் முழுக்க யாருக்காகக் கொட்டினார்களோ, அந்த அம்மாவின் ஓட்டே உங்களுக்கு விழுந்திருக்கிறது. இதை நீங்கள் உயிரோடு இருக்கும்போது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று அந்த அம்மாவைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது. அழுதுவிட்டேன்.

தலைவர் தேர்தல் வருகிறது, அடுத்த வாரம் மண்டபத்தில் திரும்பவும் கூட்டம் போடப்போகிறார்கள். இந்தத் தடவை யார் நிற்கிறார்கள் என்று அந்த அம்மா கேட்டார். நான்தான் என்று என் வாய் சொன்னது. சொல்கிறவரை எனக்கே தெரியாது. அந்த அம்மா பூஜைக் கூடையில் தேங்காய்க்குக் கீழே கையை விட்டு ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன் அண்ணி. பிளாட்காரர் பையோடு வந்தால் நான் என்ன சொல்லுவேனோ என்று அதுவரை எனக்கே சந்தேகம் இருந்தது. இப்போது அந்த அம்மாவுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.