மகாராணி கையைத் தேடி வந்தாள்

அன்பு மகள் சின்னுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். சுகம் என்பதில் அம்மாவின் தோள் எலும்பும் சேர்த்திதான், நன்றாகக் கூடிவிட்டது என்று டாக்டரே சொல்லிவிட்டார். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், அங்கே குளிர் குறைந்ததா, உன் இருமல் விட்டதா என்று விவரமாக எழுது. போனில் எதைக் கேட்டாலும் நல்லா இருக்கேன்ப்பா என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறாய். நான் இப்போது எழுதுவதும் போனில் சொல்ல முடியாத விஷயம்தான், சொன்னால் பாதியிலேயே புகுந்து என்னைத் திட்டுவாய். அம்மா இனிமேல் குதிரை ஏறக் கூடாது, நீங்கதான் நிறுத்தணும் என்று என்னிடம் வாக்கு வாங்கினாய் அல்லவா, அதை நிறைவேற்றத்தான் நம் மூக்குக்கண்ணாடிக் கடையைப் பூட்டிவிட்டு அவள் வேலை செய்யும் சவாரிப் பள்ளிக்குப் போனேன். போனவன் என்ன ஆனேன் என்பதைக் கேள்.

அம்மாவைக் கீழே தள்ளிய குதிரையை நீ பார்த்ததில்லை. செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, நடையில் அத்தனை மிடுக்கு, அம்மாதான் மகாராணி என்று பெயர் வைத்தாள். பள்ளி அவளை வாங்கி வந்தபோது கழுத்தை வில்லாக வளைத்து, மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு நடப்பாள். பார்த்தவர்கள் எல்லோரும் என்ன அழகு என்று வாயைப் பிளந்தார்கள், நானும்தான். அம்மா மட்டும், இது அழகில்லீங்க, ஒளிஞ்சுக்கறா என்றாள். முன்பு வைத்திருந்தவர்கள் கூடுதலாக ஒரு வாரைப் போட்டுத் தலையைக் கீழே இழுத்துக் கட்டியே ஓட்டியிருக்கிறார்கள். வாயிலிருக்கும் இரும்பு வலிக்கும் என்று பயந்து, கை கொஞ்சம் அசைந்தாலே மூக்கை உள்ளே மடித்துக்கொள்வாள். உடனே கடிவாள வார் தொய்ந்துவிடும். மேலே உட்கார்ந்திருப்பவருக்கும் குதிரைக்கும் நடுவே பேச்சுவார்த்தையே அறுந்து போகும். அப்படி அறுந்த நேரத்தில்தான் காற்றில் தகரக் கதவு அடித்துக்கொண்டது, அவள் பாய்ந்தாள், அம்மா விழுந்தாள். மற்றதெல்லாம் உனக்குத் தெரியும்.

நான் போன அன்று மைதானத்தின் ஓரத்தில் பள்ளி மேலாளரும் நின்றிருந்தார். கையில் அதே மாதிரி ஒரு வார். அவரைக் குறை சொல்ல முடியாது, இன்னொருவர் விழுந்தால் அவர்தானே பதில் சொல்ல வேண்டும். இதைப் போட்டுக் கட்டினால் தலை ஒழுங்காக நிற்கும், இல்லாவிட்டால் சவாரிப் பள்ளிகளுக்கான போட்டி முடிந்ததும் இவளை விற்றுவிடுவதைத் தவிர வழியில்லை என்றார். அம்மா குதிரைமேல் இருந்தபடியே, "கட்டினா தலை நிக்கும் சார், முதுகு செத்துப் போயிடும். போட்டி வரைக்கும் எங்கிட்ட விடுங்க" என்றாள். குரல் உயரவில்லை. அவர் வாரைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். நான் வீட்டிலிருந்தே மனப்பாடம் செய்து வந்த பேச்சை எடுப்பதற்குள் அம்மா என்னைப் பார்த்து, நல்ல நேரத்துக்கு வந்தீங்க, மேலிருந்து எனக்கு இவ மூக்கு தெரியல, பக்கவாட்டில நின்னு பாத்துச் சொல்லுங்க என்றாள். குதிரையின் நெற்றியிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்றை நூலில் தொங்கவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டுமாம், மூக்கு அந்த நூலுக்குப் பின்னால் போனால் உள்ளே என்றும், கொஞ்சம் முன்னால் வந்தால் வெளியே என்றும் நான் சொல்ல வேண்டுமாம். ஊரார் மூக்கின்மேல் கண்ணாடி கோணாமல் உட்கார்கிறதா என்று பார்த்தே வயதான எனக்கு இது என்ன பெரிய வேலை. தடுக்கப் போனவன் கூலியில்லாத வேலைக்காரனாகிவிட்டேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் கடை திறக்கும் முன் போய்விடுவேன். முதலில் என் வாயில் உள்ளே, உள்ளே என்பதைத் தவிர வேறு வார்த்தையே வரவில்லை, எனக்கே அலுத்துவிட்டது. அம்மாவுக்கு அலுக்கவில்லை. குதிரையின் தலையைப் பற்றி அவள் கவலைப்படவே இல்லை, பின்னங்கால்களைத்தான் கவனித்தாள். கால்களால் லேசாக அணைத்து முன்னே போகச் சொல்வாள், பெரிய வட்டமாகச் சுற்றுவாள், குதிரை மூக்கை மடித்தால் வாரை இழுக்காமல் கையை முன்னால் நீட்டிக் கொடுப்பாள். பின்னங்கால் நன்றாக அடியில் வந்து ஊன்றினால் முதுகு எழும்புமாம், முதுகு எழும்பினால் கழுத்து நீளுமாம், கடைசியில் தலை தானாக வந்து தன் இடத்தில் உட்காருமாம். கையில் ஒரு சின்னக் கனம் இருக்கணுங்க, கொழந்தை விரலப் புடிச்சுக்கிட்டு நடக்குற மாதிரி, இழுக்கவும் கூடாது, விட்டுடவும் கூடாது என்றாள். வீட்டுக்கு வந்தால் தோள் வலியில் சட்டை மாற்ற முடியாது, நான்தான் கை தூக்கிவிடுவேன். நாளைக்கு ஒரு நாள் லீவு விடேன் என்றால், மகாராணிக்கு யார் லீவு சொல்றது என்பாள். உன் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று இனி என்னைக் கேட்காதே.

ஒரு நாள் நல்ல காற்று. அந்தப் பாழாய்ப்போன தகரக் கதவு மறுபடியும் படீரென்று அடித்தது. மகாராணி சுருண்டு, உடம்பெல்லாம் விறைத்துப் பக்கவாட்டில் பாய்ந்தாள். சின்னு, நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். குளம்புச் சத்தம்தான் கேட்டது, முதலில் தடதடவென்று, பிறகு மெல்ல மெல்லச் சீராக. கண்ணைத் திறந்தால் அம்மா அதே வட்டத்தில் போய்க்கொண்டிருக்கிறாள், குதிரையின் கழுத்து நீண்டிருக்கிறது, மூக்கு நூலுக்கு முன்னால், வாயோரம் இரும்பை நிதானமாக மென்ற நுரை, காதுகள் இரண்டும் அம்மாவின் பக்கம். அம்மாவின் கன்னம் நனைந்திருந்தது. "என்னங்க, பாத்தீங்களா? பயந்தவ ஒளிஞ்சுக்கலங்க, கையத் தேடி வந்தா" என்றாள். குதிரை பயந்ததும் அம்மா பிடியை இறுக்கவில்லையாம், கையைக் கொடுத்துக் காலால் முன்னே அனுப்பினாளாம். நான் கண்ணை மூடிக்கொண்டேன் என்ற உண்மையைச் சொன்னேன். உங்கள நம்பி நிறுத்தினேன் பாருங்க என்று சிரித்தாள், சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் அழுதாள். நான் மனப்பாடம் செய்திருந்த பேச்சு அன்றோடு மறந்தே போய்விட்டது.

போட்டி போன வாரம் நடந்தது. பரிசு கிடைக்கவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது இடம், புதுக் கூட்டம், முதல் திருப்பத்தில் மகாராணி மூக்கை மடித்தாள், அங்கே மதிப்பெண் போயிற்று. அம்மா பதறவில்லை. அடுத்த வட்டத்தில் மகாராணி கழுத்தை நீட்டினாள், அதற்குப் பிறகு கடைசிவரை அம்மாவின் கையை விடவே இல்லை. முடிந்ததும் நடுவராக இருந்த பெண்மணி இறங்கி வந்து மகாராணியின் கழுத்தைத் தட்டி, இவளைக் கெடுத்துவிடாதீர்கள், இப்படியே கொண்டுபோங்கள் என்றார். பக்கத்தில் நின்ற மேலாளரும் அதைக் கேட்டார். திரும்பி வரும் வழியில் அவராகவே, விற்கவில்லை, அந்த வாரையும் இனி எந்தக் குதிரைக்கும் எடுக்க மாட்டோம், மகாராணியை வைத்து மாணவர்களுக்கு நீங்களே சொல்லிக்கொடுங்கள் என்று அம்மாவிடம் சொன்னார். அவள் சரி என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆகையால் கண்ணு, நான் உனக்குக் கொடுத்த வாக்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கோபம் வந்தால் என்னிடம் காட்டு, அவளிடம் காட்டாதே. தலைக்கவசமும் நெஞ்சுக்கவசமும் இல்லாமல் ஏற விடமாட்டேன், அது மட்டும் என் பொறுப்பு.

உன் கண்ணாடி பவர் மாறியிருக்கும், போய்ப் பரிசோதித்துக்கொள், தள்ளிப் போடாதே. மாப்பிள்ளையை ராத்திரி நேரத்தோடு சாப்பிடச் சொல். இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும். முக்கியமாக ஒன்று, ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது ஏறினியாம்மா என்று அதட்டாமல், மகாராணி எப்படி நடந்தாள் என்று கேள். ஒரு மணி நேரம் விடாமல் சொல்லுவாள். பொறுமையாகக் கேட்டுக்கொள், எனக்கும் அந்த ஒரு மணி நேரம் ஓய்வு கிடைக்கும்.

என்றும் உன் நலமே நினைக்கும்
அப்பா