நாற்பத்தைந்தும் முப்பத்துமூன்றும்

மார்ச் 4
எலுமிச்சை பாக்கிங் வேலை முடிந்து வந்தால் வாசலில் லெமன் ஸ்ட்ரைக் இசைக்குழுவின் புது இசைத்தட்டு. அதில் பாடும் நாச்சோ வைத்துவிட்டுப் போயிருக்கிறான். என் வயதுதான் அவனுக்கும், இன்னும் தொண்டை கிழியக் கத்துகிறான். என் மனைவி மாரிசெலா உறையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். புற்றுநோய்க்குக் கொடுத்த மருந்து அவளைக் காப்பாற்றிவிட்டுக் காதைக் கெடுத்துவிட்டது. கீச்சென்ற சத்தம் எதுவும் எட்டுவதில்லை. பாட்டென்றால் தண்ணீருக்குள் தகரம் தட்டுவது போல இருக்கிறதாம். அவள் இருக்கும்போது நான் எதையும் போடுவதில்லை.

மார்ச் 5
அவள் கடைக்குப் போன நேரத்தில் போட்டேன். இவ்வளவு மெதுவாகவா? நாச்சோ கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிறான். சரி, எல்லோருக்கும் வயதாகிறது. மூன்றாவது பாட்டில் திரும்பினால் மாரிசெலா நிற்கிறாள், கையில் பையோடு.

“டிரம்ஸோட சிம்பல் தட்டு கேக்குது, கிழவா.”

தரையில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள். அழுதாள். நானும்தான்.

மார்ச் 6
அட முட்டாளே! உறையின் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது: நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று. நான் ஓட்டியது முப்பத்துமூன்றில். எங்கள் ஆட்கள் நாற்பத்தைந்தில்தான் பதிவுசெய்வார்கள் என்று எனக்குத் தெரியாதா?

சரியான வேகத்தில் வைத்தேன். அப்பா! கிதார் ரம்பமாக அறுக்கிறது, டிரம்ஸ் மூச்சுவிட இடம் தருவதில்லை, ஒவ்வொரு பாட்டும் தொடங்குவதற்குள் முடிகிறது. உள்ளே இருந்த பாரமெல்லாம் இறங்கிவிட்டது. அப்புறம்தான் உறைத்தது — மெதுவாக ஓடிச் சத்தம் தாழ்ந்ததால்தான் அவள் காதுக்கு எட்டியது, இது அவளுக்குக் கேட்காதே. சனிக்கிழமை நாச்சோவின் கச்சேரிக்கு வருகிறேன் என்று வேறு சொல்லிவிட்டாள்.

வேக விசையை மறுபடி முப்பத்துமூன்றில் வைத்துவிட்டேன். கோழை.

மார்ச் 9
பாத்திரம் கழுவியபடி பாடுகிறாள். எப்படிச் சொல்வேன்?

மார்ச் 11, சனி
போகும் வழியில், காருக்குள் சொல்லிவிட்டேன். வேகம் தப்பு, அங்கே உனக்கு எதுவும் கேட்காது என்று.

“முத நாளே தெரியும். நாச்சோ என்னைக்கு அவ்ளோ மெதுவா பாடியிருக்கான்? உன் மூஞ்சியப் பாத்தேன், சொல்ல மனசு வரல.”

அப்புறம் ஏன் வருகிறாய் என்றேன்.

“கேக்கவா வர்றேன்? எல்லாரும் கத்துறப்ப நானும் கத்தணும்.”

கூடம் நிரம்பி வழிந்தது. முட்டி மோதி ஆடிக் கீழே விழுந்தவர்களைப் பக்கத்தில் இருந்தவர்கள் தூக்கிவிட்டார்கள், எப்போதும் போல. மூன்றாவது பாட்டில் நாச்சோ வழக்கப்படி மைக்கைக் கூட்டத்துக்குள் நீட்டினான். மாரிசெலா அதைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாட்டின் வரியைப் பாடினாள்.

“இன்னும் — இங்கதான் — இருக்கோம் —”

எங்கள் வீட்டு வேகத்தில், முப்பத்துமூன்றில்! நீட்டி, நிதானமாக. முன்னால் நின்ற பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. டிரம்ஸ் அடிக்கும் ரூடி அவளைப் பார்த்தான். அடியைத் தளர்த்தினான், அவள் வேகத்துக்கு இறங்கி வந்தான். கிதார்களும் இறங்கின. பிறகு கூடமே அந்த வரியை அவளோடு சேர்ந்து, அதே வேகத்தில் கத்தியது. நான் கத்தவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 12
எழுந்தபோது இசைத்தட்டு ஓடிக்கொண்டிருந்தது, முழு வேகத்தில். மாரிசெலா ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

“ஒரு பக்கம் உனக்கு, ஒரு பக்கம் எனக்கு” என்றாள்.

என் பக்கம் முடிந்தது. திருப்பிப் போட்டு, விசையை முப்பத்துமூன்றுக்குத் தள்ளினேன்.