சங்கு குளிக்கிறவர்களின் மூளை

பிப்ரவரி 3, திங்கள்

வாடைக் காற்று தணிந்துவிட்டது. கடல் தெளிவு. தோணிகள் விடியும்போதே போய்விட்டன.

காலை வேலை முடிந்தது. சங்கெடுக்க முங்கும் குளியாட்கள் பதினோரு பேர். ஆளுக்கு மூன்று சோதனை:
– விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். எவ்வளவு நேரமாகிறது என்று நான் கடிகாரத்தில் பார்ப்பேன்.
– எட்டுச் சாமான். ஒரு தடவை காட்டித் துணியால் மூடுவேன். பெயர் சொல்ல வேண்டும்.
– இருபதிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

கடலுக்குப் போகுமுன் ஒரு முறை, கரைக்கு வந்ததும் ஒரு முறை. மூச்சடக்கி முங்குவது மூளையை என்ன செய்கிறது என்று டாக்டர் ஆராய்கிறார். சென்னையிலிருந்து வந்த மனநோய் மருத்துவர். நான் உதவியாள். இந்த ஊர்ப் பேச்சுத் தெரிந்த பி.ஏ. ஒருத்தி வேண்டும் என்று தேடிப் பிடித்தார்.

குளியாட்களை 'மெட்டீரியல்' என்கிறார். "மெட்டீரியல் வந்தாச்சா, மிஸ் ரோஸ்?" பெயர் சொன்னால் என்ன? பதினோரு பெயர்தானே.

ஜன்னலுக்கு வெளியே கேட்டது:
"நம்ம மண்டைக்குள்ள என்ன இருக்குன்னு இந்தப் பிள்ளை எழுதுதுலே."
"இருந்தாத்தான எழுதும்."
நானும் சிரித்துவிட்டேன்.

மை வாங்க வேண்டும். செருப்பு வார் அறுந்துவிட்டது.

பிப்ரவரி 5, புதன்

கடும் வெயில். ஒரு தோணி மதியமே திரும்பியது. குளியாள் சூசை அண்ணனைத் தூக்கி வந்தார்கள். எத்தனையாவது முங்கலோ, மேலே வந்தவர் கயிற்றை விடவே இல்லையாம். பேச்சில்லை. வலது கை தொங்கியது. காரணமில்லாமல் சிரித்தார், உடனே அழுதார். என்னைத் தெரியவில்லை. காலையில் எட்டுச் சாமானையும் தப்பில்லாமல் சொன்ன மனிதர்.

மனைவி அந்தோணியம்மாள் ஓடி வந்தார். "காலையில கஞ்சி குடிச்சிட்டு நல்லாத்தான போனாரு."

கூடக் குளிக்கும் கீழவைப்பார் ஊர்க்காரர் மிக்கேல் சொன்னார்: "இளைப்பாறாம அடுக்கடுக்கா முங்குனா இப்படி வரும். எங்கய்யாவுக்கும் வந்துச்சு. நாலஞ்சு நாள்ல தெளியும்."

எழுதிக்கொண்டேன். டாக்டர் அதன்மேல் கோடு போட்டார். "ஊர்க்கதை வேண்டாம். இது பரம்பரைப் பைத்தியம். குடும்பத்தில் வேற யாருக்கு இருக்குன்னு விசாரிங்க."

விசாரித்தேன். யாருக்கும் இல்லை. அதை எழுதச் சொல்லவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

தலைக்கு மின்சாரம் கொடுக்கும் கருவி ஒன்று சென்னைப் பக்கம் வந்திருக்கிறதாம். சூசை அண்ணனை அங்கே அனுப்ப வேண்டும், நல்ல 'கேஸ்' என்கிறார். பைத்திய ஆஸ்பத்திரியில் சேர்க்க மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். அதற்கு மனைவியின் மனு. மனுவை டாக்டரே எழுதிவிட்டார். என்னிடம் கொடுத்து, "கைநாட்டு வாங்கிட்டு வாங்க. விளக்கிட்டு இருக்காதீங்க. ஆஸ்பத்திரிச் சீட்டுன்னு சொல்லுங்க, போதும்" என்றார்.

வழியில் படித்தேன். இரண்டு வருடமாகப் பைத்தியம் என்று இருந்தது. மனைவியை அடிக்கிறார் என்று இருந்தது. நடுத்தெருவில் நின்றுவிட்டேன்.

அந்தோணியம்மாள் கட்டைவிரலில் மையைத் தொட்டுத் தயாராக இருந்தார். முழுவதும் வாசித்துக் காட்டினேன்.

"என் புருசன் என்னை அடிச்சாருன்னு எவன் சொன்னான்? நான்தான் அவரை ரெண்டு தடவை அடிச்சிருக்கேன்."

விரலைச் சேலையில் துடைத்துவிட்டார். அண்ணன் பாயில் படுத்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையால் மனைவியின் சேலை நுனியைப் பிடித்திருந்தார்.

பிப்ரவரி 7, வெள்ளி

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. "உங்களை வாசிக்கச் சொன்னேனா?" அவ்வளவுதான். மனைவி மனு இல்லாவிட்டால் போலீஸ் மூலம் உத்தரவு வாங்குவாராம். தெருவில் திரிந்த பைத்தியம் என்று. திரிந்தாரா? எழுந்து நிற்கவே முடியாதவர்.

அவர் சாப்பிடப் போன நேரத்தில் என் பதிவேட்டிலிருந்து சூசை அண்ணனின் பக்கங்களைப் பிரதி எடுத்தேன். காலை, மாலை, எல்லாம். என் கையெழுத்து, என் வேலை. திருட்டு இல்லை. இரண்டு தரம் இப்படி எழுதிப் பார்க்கிறேன். இல்லை, திருட்டு இல்லை.

தலைவலி. இஞ்சிக் கஷாயம்.

பிப்ரவரி 8, சனி

சூசை அண்ணனைப் போலீஸ் மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுபோனது. நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை.

"பேரு?"
நெடுநேரம். "சூ… சை."
"பெண்சாதி பேரு?"
அந்தோணியம்மாளை நோக்கிக் கையைத் தூக்கினார். வலது கை, பாதிவரை வந்தது. "பேரு சொன்னா… அடிப்பா."

மாஜிஸ்திரேட் மீசைக்குள் சிரித்தார். டாக்டர் பரம்பரை, மனச்சிதைவு என்று ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே போனார். நான் எழுந்தேன்.

"ஐயா, மூணு வாரமா இவரைத் தினமும் சோதிச்சது நான்தான்."
"இவள் வெறும் கிளார்க்" என்றார் டாக்டர்.

மாஜிஸ்திரேட் நான் எடுத்த பிரதியை வாங்கிப் பார்த்தார். தினமும் காலையில் சரியாக, மாலையில் குறைவாக.

"ஞாயிறு?"
"கடலுக்குப் போறதில்ல, ஐயா. ஞாயிறு சாயங்காலம் எடுத்தேன். குறையல."

உத்தரவு இல்லை. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். வெளியே வந்ததும் அந்தோணியம்மாள் என் கையைப் பிடித்தார், விடவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

வேலை போயிற்று.

காலையில் டாக்டரின் மேஜையில் கட்டுரைப் பிரதி. படித்தேன். 'கடலோரச் சாதியாரின் இயற்கையான புத்திக்குறைவு.' ஆதாரம், என் அட்டவணை. மாலை எண்கள் மட்டும். நாள் முழுக்க முங்கி, கண் சிவந்து, காது வலித்து வந்து நின்ற மனிதர்களின் எண்கள். அதுதான் அவர்களுடைய பிறவிப் புத்தியாம்.

"காலைப் பக்கங்கள் எங்கே, டாக்டர்?"
"அது குழப்பும்."
"அதுதானே விடை?"
"மிஸ் ரோஸ், நீங்களும் இவங்க சாதி. உங்களுக்கு விஞ்ஞானம் வராது."

வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது பத்துப் பதில் வந்தது. அத்தனையும் பிந்திப்போன பதில். அதற்காக என்மேலேயே ஆத்திரம்.

அம்மா: "இன்னும் ரெண்டு மாசம் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்லா."
அப்பா இரண்டாவது தடவை சோறு போட்டார்.

பிப்ரவரி 15, சனி

மேகமூட்டம். சூசை அண்ணன் நடந்தே எங்கள் வீட்டுக்கு வந்தார், அந்தோணியம்மாளுடன். பேச்சு கொஞ்சம் இழுக்கிறது, மற்றபடி தெளிவு. மிக்கேல் சொன்னதைவிட ஐந்தாறு நாள் கூடுதல். உட்கார்ந்ததும் சொல்கிறார்: "திங்கக்கிழமை கடலுக்குப் போறேன்."

எனக்கு வந்த கோபம். போகவே கூடாது என்றேன். அண்ணன் கேட்கிறார்:

"அப்ப சங்கை யாரு எடுப்பா? நீங்களா?"
"முங்கி வந்ததும் தோணியில இருந்து இளைப்பாறிட்டு முங்குங்க. அதுவாவது செய்யுங்க."
"சம்மாட்டி விடமாட்டாரு."

சம்மாட்டி, தோணி முதலாளி. அந்தோணியம்மாள் என் பக்கம் திரும்பினார்: "ஏளா, நீ போய் அந்த ஆளுகிட்ட சொல்லு. நான் மத்தப் பொம்பளைங்ககிட்ட சொல்லுதேன்."

பிப்ரவரி 16, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் வாசலிலேயே சம்மாட்டியைப் பிடித்தேன். எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீ டாக்டர் ஆளா?"
"இல்ல."
"சர்க்கார் ஆளா?"
"இல்ல."
"பின்ன யாரு?"

இளைப்பாற விடுங்கள் என்று மறுபடியும் சொன்னேன். "சரி, சூசை மட்டும் இளைப்பாறி இளைப்பாறி முங்கட்டும். சீக்காளி" என்றார்.
"பதினோரு பேரும்" என்றேன்.
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

பிப்ரவரி 17, திங்கள்

விடியுமுன் கரைக்குப் போனேன். குளிர்காற்று. தோணிகள் தண்ணீரில் நின்றன, பாய் ஏற்றி. பதினோரு பேரும் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் அவரவர் வீட்டுப் பெண்கள். ஒருவரும் ஏறவில்லை. மிக்கேல் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். உட்கார்ந்தேன். மணலில் வைத்தே இதை எழுதுகிறேன்; தூரத்தில் சம்மாட்டி வந்துகொண்டிருக்கிறார்.