பூங்கண்ணியார்க்காக எழுவார் யார்?

நலம் விளைக; நீர் நிறைக; சொன்ன சொல் பிழையாது நிற்க. கீழைக்கடலின் அலை முதல் மேலைமலையின் முகில் வரை ஒரு குடைக்கீழ்க் காக்கும் அலைவாய் நாட்டுப் பேரரசி நறுங்கோதைத் தேவியாரின் திருவுளப்படி, தலைமை அமைச்சன் ஆவூர்ப் பெருஞ்சாத்தன் எழுதுவிப்பது. தென்கரைக் கல்விச்சாலையாகிய பெருங்கடிகையின் தலைவர், நூற்கடல் நீந்திய நெடுங்கண்ணனார்க்கும், அவருடன் அவையில் வீற்றிருக்கும் ஆசிரியப் பெருமக்கள் அனைவர்க்கும் அரசியாரின் வாழ்த்தும் நம் வணக்கமும் உரியவாகுக. உங்கள் விளக்குகளில் எண்ணெய் குறையாதிருக்கட்டும். மாணாக்கர் கற்றதை மறவாதிருக்கட்டும். அவையில் கண்ணயரும் பெரியோர் குறட்டையின்றிக் கண்ணயரட்டும்.

இவ்வோலை ஒரு வரியும் விடாது உரக்க வாசிக்கப்பட வேண்டும். ஓலை கொணர்ந்தவர், நாட்டு வழக்கப்படி, வாசித்து முடியும் வரை அவையோரை நோக்கி நிற்பார். நெடுவழி நடந்து வந்தவர் அவர். முதலில் அவருக்கு நீர் கொடுங்கள். அவரைக் கண்டு உங்களுக்குள் முணுமுணுக்க வேண்டா. பொறுத்துக் கேளுங்கள்.

உங்கள் கடிகையில் நீர்நூல் கற்பித்த பூங்கண்ணியார் பற்றியது இவ்வோலை. அவர் இளையவர் அல்லர். கைபிடித்து நடத்த ஆசிரியர் எவரும் இல்லை. முதியவரும் அல்லர், சாய்ந்து அமர இருக்கையும் இல்லை. நடுவயதில் நிற்கும் ஆசிரியர் நிலை மத்தளம் போன்றது. இரு பக்கமும் இடி. இலக்கண ஆசிரியர் தலயாத்திரை போனால் அவர் வகுப்பைப் பூங்கண்ணியார் ஏற்றார். வானநூல் ஆசிரியர் மகளுக்குத் திருமணம் என்றால் அவர் மாணாக்கரையும் இவரே மேய்த்தார். மருத்துவ ஆசிரியர்க்கே காய்ச்சல் வந்த மாரிக்காலத்தில் அந்தப் பாடமும் இவர் தலையில் விழுந்தது. எவருக்கு எந்த இடர் வந்தாலும் கடிகையில் ஒரே மறுமொழிதான் இருந்தது: அதுதான் பூங்கண்ணியார் இருக்கிறாரே என்பது.

அவர் எங்கே இருந்தார் என்று எவரும் கேட்டதில்லை. பாடம் முடித்து, ஐயம் கேட்டவர்க்கெல்லாம் விடை சொல்லி, அவர் உண்ணச் செல்லும்போது சமையற்கூடத்தில் அடுப்பு அணைந்திருக்கும். ஆறிய சோற்றைத் தனியே உண்டு, பொழுது புலருமுன் எழுந்து, கடற்கரை மணல்மேடுகளுக்குப் போய்க் கிணறுகளின் நீரை நாவில் வைத்துச் சுவை பார்ப்பார். இப்படி ஆண்டுகள் பல பார்த்து அவர் கண்டது இதுதான்: மழைநீரைக் கடலுக்கு விடாமல் தாங்கி நிற்பவை மணல்மேடுகள், மேட்டை வெட்டினால், உட்புறத்துக் கிணறுகள் பின்னொரு நாள் கரிக்கும். இதைக் கண்ட காலையில் ஓடி வந்து சொல்ல அவருக்கு ஓர் ஆள் இருக்கவில்லை. கிணற்றடியில் நின்று தமக்குத் தாமே உரக்கச் சொல்லிக்கொண்டதாக அரசியாரிடம் கூறினார். கூறும்போது சிரித்தார்; நமக்குச் சிரிப்பு வரவில்லை.

கடிகையில் ஆய்விருக்கை என்று ஒன்று உண்டு. பாடம் சொல்லும் கடமையிலிருந்து விடுபட்டு, ஆராய்ச்சி ஒன்றையே வாழ்நாட் பணியாகக் கொண்டு அமரும் உயர்ந்த இருக்கை அது. அதை வேண்டுபவர் தம் பெருமையைத் தாமே பேசலாகாது. உடன் பணிபுரிபவர் ஒருவர் எழுந்து அவர்க்காகப் பேச வேண்டும். வேண்டுபவர் முகம் கண்டு எவரும் இரங்கிவிடக் கூடாது என்பதற்காக, அவரை அவையின் நடுவே மேற்குச் சுவரை நோக்கி அமர வைப்பது உங்கள் மரபு. இவர்க்காக எழுவார் யார் என்று மும்முறை கேட்கப்படும். எவரும் எழாவிடின் அவர் திரும்பிப் பாராமல் எழுந்து, எதிரிலுள்ள மேற்கு வாயிலால் வெளியேற வேண்டும்.

சென்ற தை மாதத்தில் பூங்கண்ணியார் அவ்வாறு அமர்ந்தார். அவர் கண்முன் இருந்தது காரை பெயர்ந்த சுவர் மட்டுமே. முதல் முறை கேட்டபோது பின்னால் ஒருவர் இருமினார். இருமலைக் கொண்டே அவர் வானநூல் ஆசிரியர் என்று அறிந்து, இதோ எழுகிறார் என்று காத்திருந்தார். எழவில்லை. இரண்டாம் முறை கேட்டபோது மேலாடை ஒன்று சரசரத்தது, அதுவும் அடங்கியது. மூன்றாம் முறைக்குப் பின் கூரையிலிருந்த புறாவின் குரல் மட்டும் கேட்டது. அத்தனை பேர் நிறைந்த அவையில் அவ்வளவு தனிமையை மணல்மேட்டிலும் தாம் கண்டதில்லை என்றார். எழுந்தார், நடந்தார், திரும்பவில்லை. கடிகையிலும் அவர் பிறகு காணப்படவில்லை.

அவரைத் தேடி நீங்கள் ஆள் அனுப்பியதாகத் தெரியவில்லை. நம்மிடம் செய்தி வந்தது மணற்குடி என்னும் கடலோரச் சிற்றூரிலிருந்து. துறைமுகக் கிடங்கு கட்டுவதற்கு மணல்மேட்டை வெட்டுகிறார்கள் என்று முறையிட வந்த கூட்டத்தில் காளியம்மை என்பாள் ஒருத்தி, முறையீடு முடிந்த பின்னும் போகாமல் நின்றாள். அரசியார் காரணம் கேட்க, அவள் சொன்னதை அவள் சொற்களிலேயே எழுதுமாறு ஆணை: "எங்க ஊர்ல ஒரு வாத்தியாரம்மா வந்து தங்கியிருக்கு. கூப்பிட்டா வந்து சாப்பிடும், கொழந்தைங்களுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கும். பொழுது சாஞ்சா மணல்ல போயி ஒத்தையில உக்காந்துக்கும். என்னம்மா ஆச்சுன்னு கேட்டா, ஒண்ணும் ஆகல, அதான் ஆச்சுங்குது. ஏந்தாயி, அதுக்குன்னு யாருமே இல்லையா?"

அரசியார் பூங்கண்ணியாரை வரவழைத்து அவர் ஆய்வைக் கேட்டறிந்தார். கிடங்கு வேறிடம் மாற்றப்பட்டது, மணல்மேடு பிழைத்தது. பின்னர் நம் தூதரைக் கடிகைக்கு விடுத்து, அன்று அவையில் இருந்தோரைத் தனித்தனியே வினவச் செய்தார். பெரியோர்களே, உங்கள் விடைகளைப் படித்து நாம் தலையில் கைவைத்துக்கொண்டோம்.

இலக்கண ஆசிரியர் அவர்க்காகப் பேச உரை எழுதி மடியில் வைத்திருந்தாராம். ஆயினும் தம்மினும் மூத்த வானநூல் ஆசிரியர்க்கு முன் எழுவது முறையன்று என்று காத்திருந்தாராம். வானநூல் ஆசிரியரோ, நீரைப் பற்றித் தம்மினும் மருத்துவர் அறிவார், அவர் வாய்ப்பைத் தாம் பறிக்கலாகாது என்று இருமலோடு நிறுத்திக்கொண்டாராம். மருத்துவ ஆசிரியர் தூதரிடம் உரைத்தது அப்படியே இது: "அந்தம்மா எங்க எல்லாருக்கும் வேண்டியவங்க. எனக்கு முன்னாடி பத்துப் பேரு எந்திரிப்பாங்கன்னு நெனச்சேன்." ஒருவர்க்கு மேல் எழுந்தால் முதலில் எழுந்தவரை அவமதிப்பதாகும் என்றொரு வழக்கமும் உங்களிடம் உண்டாமே! ஆளுக்கு ஆள் வழிவிட்டு, கடைசியில் வழியில் எவரும் நடக்கவில்லை. ஊர் கூடிப் பொங்கிய பானையில் எல்லோரும் பிறர் உப்பிட்டிருப்பார் என்றே இருந்துவிட்டீர்கள். வெறுப்பால் செய்திருந்தால் தண்டித்து முடித்திருப்போம். மரியாதையால் செய்த கொடுமைக்கு என்ன தண்டனை என்று எம் நீதிநூல்களில் இல்லை.

ஆகவே அரசியார் ஆணையிடுவது. நடுவயதில் நிற்கும் ஒவ்வோர் ஆசிரியர்க்கும் ஆய்விருக்கையில் உள்ளவர் ஒருவர் துணையாக முன்னரே குறிக்கப்பட வேண்டும்; திங்களுக்கு ஒருமுறையேனும் அவரைத் தேடிச் சென்று, இப்போது எதை ஆராய்கிறீர் என்று கேட்டு, விடை முடியும் வரை எழாமல் இருக்க வேண்டும். கேட்கப் போகிறவர் தம் வகுப்பையும் அவர் தலையில் கட்டிவிட்டு வரலாகாது. ஆண்டில் ஒரு மாரிக்காலம் முழுதும் நடுவயது ஆசிரியர்க்குப் பாடம் சொல்லும் கடமை இல்லை. அந்தப் பாடங்களைப் பெரியோர் தாமே ஏற்பீராக. மறந்த பாடம் நினைவுக்கு வருவதும் ஒரு நன்மையே. வேண்டுபவரைச் சுவர் நோக்கி அமர்த்தும் மரபு இன்றோடு நீங்குக. எத்தனை பேர் எழினும் அது எவர்க்கும் அவமதிப்பன்று.

இனி இறுதிச் சொல். அரசியார் பூங்கண்ணியாரிடம் வேண்டுவது கேட்குமாறு கூறினார். அவர் இருக்கையைக் கேட்கவில்லை. அன்று தம் முதுகுக்குப் பின்னால் எவரேனும் எழ எண்ணினார்களா என்று அறிய வேண்டும் என்றார். அது தெரிந்தால் போதும் என்றார். தூதர் கொணர்ந்த விடைகள் அரசியார் கையில் இருந்தன. ஆயினும் இதை அரசு சொல்லி அவர் கேட்பது முறையன்று என்று அவற்றை மடித்து வைத்துவிட்டார். ஆய்விருக்கையும் அரசு எடுத்துக் கொடுக்கும் பொருள் அன்று. உடன் பணிபுரிந்தோர் எழுந்து தருவது.

ஆதலால், இதில் என்ன எழுதியுள்ளது என்று அறிவியாமல், இவ்வோலையை அவர் கையிலேயே கொடுத்து அனுப்பினோம். இதோ, உங்கள் முன் நிற்பவர் அவரே. தம் கதையை உங்களோடு சேர்ந்து இப்போதுதான் அவரும் கேட்டார். இம்முறை அவர் முகம் உங்களை நோக்கியிருக்கிறது.

எவரும் எழாவிடின் ஓலையைச் சுருட்டி அவர் கையில் தருக. மேற்கு வாயில் திறந்திருக்கட்டும். அவரை மணற்குடி ஏற்றுக்கொள்ளும். எழுவீராயின், மூத்தோர் இளையோர் பாராது எழுக. இது நறுங்கோதைத் தேவியார் மீன்முத்திரை இட்ட ஆணை. வாசிப்பவர் இவ்விடத்தில் நிறுத்தி, அவையை நோக்கி ஒருமுறை மட்டும் கேட்பாராக:

பூங்கண்ணியார்க்காக எழுவார் யார்?