கிரேன்காரன் கீழே இறங்கியது

லோம், மே 14

அன்பு மகன் கலோயானுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் எழுந்து நடமாடிக்கொண்டு, வேளைக்கு ஏதோ சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறேன், முழங்கால் மட்டும் பழையபடிதான். நீ அங்கே கனடாவின் அந்தக் குளிரில் காய்ச்சல் தலைவலி என்று படுக்காமல் நன்றாக இருக்க வேண்டும், காலையில் கண் விழித்ததும் எனக்கு அந்த நினைப்புதான். இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். நேற்று கூப்பிட்டேன், உன் குரல் கேட்டதும் தக்காளி நாற்றைப் பற்றி ஏதோ பேசிவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன், பொறுமையாகப் படி.

அம்மாவின் நாற்பதாம் நாள் முடிந்தது. பக்கத்து வீட்டு ஸ்தொய்காதான் கோதுமை வேகவைத்துச் சர்க்கரை தூவிக் கொண்டுவந்தாள், அம்மாவின் படம் போட்ட புது இரங்கல் தாளை வாசல் கதவில் நான் ஒட்டினேன், கோணலாகப் போய்விட்டது, இரண்டாம் முறை ஒட்டினேன், அப்போதும் கோணல்தான். கல்லறையில் எல்லோரும் உன்னை விசாரித்தார்கள். அங்கே தங்குவதற்கான காகிதம் கைக்கு வராமல் கனடாவை விட்டுக் கிளம்பினால் திரும்ப விடமாட்டார்கள் என்று நானே எல்லோருக்கும் சொன்னேன், யாரும் உன்னைத் தப்பாக நினைக்கவில்லை, நீயும் நினைத்துக்கொள்ளாதே. வீட்டுக்கு வந்ததும், சாவு வீட்டு வழக்கப்படி கண்ணாடிகள் மேல் போட்டிருந்த துணிகளை எடுத்தோம். அப்போதுதான் தெரிந்தது நாங்கள் செய்த காரியம்.

அம்மா போன அன்று ஸ்தொய்கா கண்ணாடி ஒவ்வொன்றையும் மூடிக்கொண்டே வந்தவள், அம்மாவின் கம்ப்யூட்டர் முன்னால் நின்றுவிட்டாள். இது கண்ணாடி இல்லை என்றேன். "கறுப்பா இருந்தா என்ன நயிடென், உன் மூஞ்சி அதுல தெரியுதா இல்லியா? தெரியுதுல்ல, அப்ப மூடு" என்றாள். தெரியத்தான் செய்தது, அழுது வீங்கிய முகம். மூடிவிட்டோம். திரைதான் இருண்டிருந்ததே தவிர இயந்திரம் நிற்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்த ஞாயிற்றுக்கிழமை பால் பொங்குகிற சத்தம் கேட்டு, கம்ப்யூட்டரில் ஆடிக்கொண்டிருந்த பொம்மை விளையாட்டை மூடாமல் எழுந்து போனவள்தான், அடுப்படியில் விழுந்தாள். நாற்பது நாளும் ஒரு முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது, குளிர்பெட்டிதான் என்று நினைத்தேன். துணியை எடுத்து மவுஸைத் துடைத்தபோது திரை விழித்துக்கொண்டது. சிவப்பும் வெள்ளையுமாகக் கோடுகள், வேறொன்றுமில்லை. கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன்.

நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்பா, அந்த வெளையாட்டுக்குள்ள போய் அம்மா எங்க நிக்கிறான்னு பாரு, கிட்டப் போய் அவ மூஞ்சிய ஒரு படம் எடுத்து அனுப்பு." நம் எல்லோரையும் பொம்மைகளாகச் செய்து அதற்குள் குடி வைத்திருந்தாளே, அதிலிருந்து அம்மா ஞாயிறுதோறும் உனக்கு எடுத்து அனுப்பிய படங்களில் எல்லோரும் இருக்கிறோம், தன்னை மட்டும் அவள் எடுத்ததே இல்லையாமே. அவள் விழுந்த அதே ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பேசிய கடைசித் தொலைபேசிப் பேச்சை எண்ணி நீ மருகுகிறாய் என்றும் தெரியும். ஈஸ்டருக்கு வர முடியாது என்றாய், "அந்தப் பொம்மைங்கள விட்டுட்டுக் கொஞ்சம் வெளிய போம்மா" என்றும் சொன்னாய், அவள் பதில் பேசாமல் வைத்துவிட்டாள். கோபத்தோடே போய்விட்டாளா என்று மூன்று தடவை கேட்டாய், மூன்று தடவையும் எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது, நான் அப்போது தோட்டத்தில் இருந்தேன்.

ஆகவே உட்கார்ந்தேன். முப்பத்தொரு வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவனுக்கு இது என்ன பெரிய வித்தை என்றுதான் நினைத்தேன். தொட்டதும் அந்தக் கோடுகள் போய்விட்டன, நான் வானத்தில் ஏறிவிட்டேன். மேலிருந்து பார்ப்பது எனக்குப் பழக்கம்தானே, கூரை இல்லாத வீடுகள், எறும்பு மாதிரி மனிதர்கள், இரண்டு மணி நேரம் அப்படியே சுற்றினேன். இடது பக்கம் தள்ளினால் எல்லாம் வலது பக்கம் ஓடுகிறது. கிரேனில் நான் இழுத்தால் சரக்கு வரும், இங்கே சரக்கு நிற்கிறது, நான் உட்கார்ந்திருக்கும் கூண்டுதான் நகர்கிறது, இது மண்டையில் ஏற எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அம்மா உயிரோடு இருந்தபோது தோளுக்குப் பின்னால் நின்று கேலி செய்வேன், அவள் திரும்பாமலே, "மேலயே ஒக்காந்து காலத்த ஓட்டிட்ட கிரேன்காரா, ஒருநாள் எறங்கி வந்து மனுஷங்க மூஞ்சியப் பாரு" என்பாள். இறங்கும் வழியை அவளே சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறாள், அதே சாய்ந்த எழுத்து. கீழே இறங்க இடது ஓரத்து அம்புக்குறி விசை, தலையைத் திருப்ப மவுஸ், நடக்க சிவப்புப் பொட்டு வைத்த நாலு விசைகள். நெயில் பாலிஷால் பொட்டு வைத்திருக்கிறாள். ஆனால் மூன்றில்தான் பொட்டு இருந்தது, நாலாவதை மறந்துவிட்டாள்போல என்று அவளையே திட்டிக்கொண்டு தேடித் தடவினேன். அம்புக்குறியை அழுத்தினேன், தொப்பென்று தரைக்கு வந்துவிட்டேன், கண் உயரத்தில் வேலி, கதவு, செடி. சுவரில் முட்டினேன், அடுப்புக்குள் போனேன், ஒருமுறை தரைக்கு அடியிலேயே போய்விட்டேன். மெல்ல மெல்ல நடக்க வந்தது.

கலோயான், நடக்க வந்ததும் நான் போய் நின்ற முதல் இடம் வீட்டுத் தோட்டத்தில் இருந்த இரண்டு கற்கள். மேலிருந்து பார்த்தபோது மலர்த்தொட்டி என்று நினைத்திருந்தேன். கீழே இறங்கிப் படித்தேன். அம்மாவின் பெயர், ருமியானா என்று எழுதியிருந்தது. பக்கத்துக் கல்லில் என் பெயர், அது போகட்டும். நாங்கள் துணி போட்டு மூடி வைத்த அந்த நாற்பது நாளில் விளையாட்டு நிற்காமல் நடந்து, உள்ளே எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. அடுத்த வீட்டில் உன்னைக் குடி வைத்திருந்தாள், ஜன்னல் வழியாகப் பார்த்தேன், நரைத்த தலையோடு நீ தனியாக உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தாய். அன்று நான் அழுதது போல ஆஸ்பத்திரியில்கூட அழவில்லை. ஒரு தடவை பறிகொடுத்தது போதாதென்று, என் கையாலேயே துணி போட்டு இரண்டாம் தடவையும் பறிகொடுத்தேன். ஸ்தொய்காவிடம் நான் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே, அவள் தாங்கமாட்டாள்.

சனிக்கிழமை உன்னிடம் சுற்றி வளைத்துக் கேட்டேனே, விளையாட்டில் தப்பாக ஏதாவது செய்துவிட்டால் என்ன செய்வது என்று, அது இதற்குத்தான். "ஒண்ணும் பயப்படாதப்பா, சேமிக்காம மூடிட்டுத் திரும்பத் தொற, அம்மா கடைசியா சேமிச்ச எடத்துலயே நிக்கும்" என்றாய். பால் பொங்கினாலும் சேமிக்காமல் அவள் நாற்காலியை விட்டு எழமாட்டாள், மற்றவர்கள் அடுப்பு கேஸை மூடுகிற மாதிரி. மூடினேன், திறந்தேன். மறுபடியும் அதே சிவப்பு வெள்ளைக் கோடுகள். இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை. கோடுகளுக்கு மேலே கொஞ்சம் கறுப்பாகத் தலைமுடி தெரிந்தது. பின்னால் போகும் விசையை ஒரே ஒரு தடவை அழுத்தினேன். அது போர்வை. உன் வீட்டில், உன் கட்டிலில், போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு நீ தூங்கிக்கொண்டிருக்கிறாய், முடி நரைக்கவில்லை. அவளுடைய பொம்மை அங்கே இல்லை, அது தன் வீட்டு அடுப்படியில் நிற்கிறது, அதன் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஆனால் அம்மா விட்டுப்போன பார்வை இருந்த இடம், நின்றவளின் கண் உயரமில்லை, கட்டிலோரம் உட்கார்ந்தவளின் கண் உயரம். இந்தச் சாதனத்தில் அவ்வளவு தாழ இறங்குவது எவ்வளவு கஷ்டம் என்று இப்போது எனக்குத் தெரியும், சும்மா போகிற போக்கில் அங்கே போய் நிற்க முடியாது. உன்னிடம் பேசித் தொலைபேசியை வைத்துவிட்டு அவள் நேராகப் போனது அங்கேதான். கோபக்காரி அங்கே போய் உட்காரமாட்டாளடா. இனி நீ அதைக் கேட்காதே.

திறந்ததும் விளையாட்டில் நேரம் நின்ற நிலையில்தான் இருக்கிறது, ஓடவிடும் பொத்தானை நான் தொடப்போவதில்லை. நேரம் நின்றாலும் நடக்க முடிகிறது, காலையில் காப்பியோடு போய் அடுப்படியில் அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்கிறேன். அவள் உயிரோடு இருந்தபோது ஒரு நாளாவது அப்படி நின்றேனா? இல்லை. உனக்கு ஆண்டவன் நீண்ட ஆயுளும் சுகமும் கொடுக்கட்டும், அம்மாவின் ஆசீர்வாதமும் கூடவே இருக்கும். காகித விஷயத்தை மட்டும் மறக்காமல் துரத்து, காதை மூடாமல் வெளியே போகாதே. வரும்போது அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து பார். நாலாவது விசையை இன்று துடைத்தேன், இடுக்கில் கொஞ்சம் சிவப்பு ஒட்டியிருக்கிறது. அவள் மறக்கவில்லை, முன்னால் போகும் விசை அது, அழுத்தி அழுத்தித் தேய்ந்துவிட்டது. பின்னால் வரும் விசையில் பொட்டு வைத்தது வைத்தபடி இருக்கிறது.

உன் அப்பா,
நயிடென்