லாபம், ரெண்டு, மூணு

ஜூன் 3
என் திருத்துறைப்பூண்டி நெல் கிடங்குக்கு இப்போது எலிகூட வருவதில்லை. நெல் களத்திலிருந்தே லாரி ஏறி மில்லுக்குப் போய்விடுகிறது. வியாபாரத்துக்கு எனக்குப் போன் ஒன்று போதும்.

மகள் வானதி இன்று ஒரு சேதி சொன்னாள். அவளுடைய சென்னைக் கம்பெனி மூன்று மாடியில் இரண்டைக் காலி செய்துவிட்டதாம். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் இனி சென்னைக்கு வரவேண்டும். அங்கே இடம் குறைவு என்பதால், கம்பெனி ஒப்புக்கொள்ளும் இடமாகப் பார்த்து ஊர்ப்பக்கமே கூடி உட்கார்ந்தும் வேலை பார்க்கலாம்.

"எடம் கெடைக்கலன்னா பாப்பாவ அழைச்சிக்கிட்டுக் கெளம்ப வேண்டியதுதாம்பா."

என் மனைவி ஈஸ்வரி பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள். எனக்குக் கிடங்கு ஞாபகம் வந்தது. மகளும் பேத்தியும் இருப்பார்கள், வாடகையும் வரும்.

ஜூன் 19
டைல்ஸ், ஏசி, மேசை எல்லாம் ஆயிற்று. உமி வாசனை மட்டும் போகவில்லை.

ஜூலை 1
கீழ்வேளூர் மலர்க்கொடி, முத்துப்பேட்டை அனீஸா, வானதி எல்லாருமாக அந்தக் கம்பெனி ஆட்கள் ஆறு பேர் கிடங்கில் உட்கார்ந்துவிட்டார்கள். கம்பெனி கொஞ்சநாள் பார்த்துவிட்டுத்தான் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்தாம்.

ஜூலை 4
வானதி என்மேல் பாய்ந்தாள். மீட்டிங் நடுவில் பின்னால் யாரோ 'லாபம், லாபம்' என்கிறார்களாம். சென்னை அதிகாரி ஆர்த்தி, "ஒங்கப்பா அங்க வியாபாரம் பேசுறாரா?" என்று கேட்டுவிட்டாராம். நானோ அப்போது மன்னார்குடியில். உள்ளே இருந்த ஆறு பேருக்கும் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. எதிர்முனையில்தான் கேட்கிறது.

லாபம் – சென்னைக்காரிக்கு அது வியாபாரம். நெல் அளப்பவனுக்கு அது எண். முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டோம். லாபம், பிறகு ரெண்டு.

இதை நான் வானதிக்குச் சொல்லிக்கொடுத்ததில்லையே.

ஜூலை 7
மீட்டிங் பதிவைப் போட்டுக் காட்டினாள். லாபம்... ரெண்டு... மூணு... ஆறு வரை போய், ஆறு, ஆறு, ஆறு என்று இழுக்கிறது. நாங்களும் அப்படித்தான், அடுத்த மரக்கால் நிறையும்வரை எண் மறக்காதபடி அதையே சொல்லிக்கொண்டிருப்போம்.

குரல் என்னுடையது. இப்போதுள்ள கரகரப்பு இல்லை. இதே கிடங்கில் கூலிக்கு மரக்கால் பிடித்தேனே, அந்த வயசுக் குரல். வானதிக்கு அடையாளம் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூலை 8
அனீஸா லீவு. இன்று குரல் அஞ்சில் நின்றதாம். அப்படியென்றால் அந்த வயசுக்காரன் உள்ளே இருக்கும் தலைகளை அளக்கிறான். இன்னும் ஒரு தலைக்குக் காத்திருக்கிறான். யாருக்கு?

ஜூலை 10
நாளை கம்பெனி முடிவெடுக்கும் கடைசி மீட்டிங். குரல் கேட்டால் கையெழுத்து கிடையாது. வானதி சென்னைக்குக் கட்டப் பரணிலிருந்து பெட்டியை இறக்கிவைத்துவிட்டாள்.

ஜூலை 11
என் நெல் கடையிலிருந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கிடங்குக்குப் போய் வானதிக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தேன்.

"என்ன சார், நீங்களும் லாகின் பண்ணப் போறீங்களா?" என்று மலர்க்கொடி சிரித்தாள்.

சென்னையில் ஒரே ஒருமுறை 'ஏழு' என்று கேட்டதாம். பிறகு மரப்பாத்திரத்தைத் தரையில் கவிழ்த்ததுபோல ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. அளந்து முடித்தால் மரக்காலை நான் அப்படித்தான் கவிழ்ப்பேன்.

கையெழுத்து ஆயிற்று. பெட்டி பரணுக்குப் போயிற்று.

ஜூலை 25
தினமும் போய் உட்காருகிறேன். வியாபாரமெல்லாம் அங்கிருந்தே போனில்.

"நீங்க எடத்துக்குச் சொந்தக்காரரா, வாட்ச்மேனா?" – ஈஸ்வரி.

ஆகஸ்ட் 5
தஞ்சாவூரில் தள்ளமுடியாத வேலை. முதல்முறையாக நாற்காலி காலி. பஸ் ஸ்டாண்டிலிருந்து பயந்துகொண்டேதான் போன் போட்டேன்.

"சத்தமே இல்லப்பா. ஆர்த்தி மேடம் ஒங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னாங்க. 'அப்பா பின்னாடி உக்காந்திருக்காரே, மீசைக்கு டை அடிச்சிட்டாரா, சின்னப் பையனாட்டம் இருக்காரு'ன்னாங்க. திரும்பிப் பாத்தேன், நாற்காலி காலியாத்தான் கெடக்கு. அவங்களுக்குக் கண்ணாடி மாத்தணும்பா!"

சிரித்தாள். பின்னால் பேத்தியும் எதற்கோ சிரித்தது.

டீக்கடைக் கண்ணாடியில் மீசையைத் தடவிப் பார்த்தேன். முழு வெள்ளை.

சொன்னால் பெட்டி மறுபடி இறங்கும்.

"நானும் வணக்கம் சொன்னேன்னு சொல்லும்மா" என்றேன்.