சத்தமில்லாத வண்டியில் அப்பா கேட்டது

அன்புள்ள வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நம் பழைய கார் டப்பாதான் தினமும் காலையில் நாலு தரம் இருமிவிட்டுக் கிளம்புகிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். நீ அனுப்பிய புது காரின் படத்தைப் பார்த்தோம், நம் டப்பாவின் அதே பெயர், அதே உருண்டை விளக்கு, ஆனால் பேட்டரியில் ஓடுமாம். பழசைக் கொடுத்துவிட்டு இதை எடுங்கள் என்று நீ சொன்னதிலிருந்து அப்பா ஷோரூம் வாசல் வரை போவதும் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்புவதுமாக இருந்தார், போன சனிக்கிழமை நான்தான் உள்ளே இழுத்துக்கொண்டு போனேன்.

ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள், விற்பனைப் பிரிவுப் பெண் பின்னால் உட்கார்ந்தாள். நம் வண்டியில் என் இருக்கைக்கு எதிரே இருக்கும் சின்ன முன்பெட்டியின் மூடி பள்ளத்தில் இறங்கினால் திறந்துகொள்ளும், நான் முழங்காலால் அழுத்திப் பிடிப்பேன் இல்லையா, புது வண்டியிலும் ஒவ்வொரு வேகத்தடைக்கும் என் முழங்கால் தானாக எழும்பியது. முட்டி வலியா மேடம் என்று அந்தப் பெண் கேட்க, அதெல்லாம் இல்லம்மா, அவ மூடி பிடிக்கிறா என்றார் அப்பா, தெருவுக்கே கேட்கிற மாதிரி. பிறகு அவரே கூச்சப்பட்டுக் குரலைத் தாழ்த்தினார். இத்தனை வருடம் நாங்கள் அந்த இன்ஜினுக்கு மேலே கத்தித்தான் குடும்பம் நடத்தியிருக்கிறோம்.

திரும்பி வந்ததும் அந்தப் பெண் இறங்கி உள்ளே போனாள். நாங்கள் இருவரும் உட்கார்ந்தே இருந்தோம், வண்டி நின்றுவிட்டதா ஓடுகிறதா என்றே தெரியவில்லை. அப்போதுதான் அப்பா மெதுவாக, நம்ம வாலு அந்த ஊர்லயே தங்கிடப் போறாளா என்றார். நீ என்னிடம் மட்டும் சொன்னதை இவ்வளவு நாள் விழுங்கிக்கொண்டிருந்தேன், டப்பாவாக இருந்தால் காதில் விழாதது மாதிரி வெளியே பார்த்திருப்பேன். அங்கே மூச்சு விட்டால்கூடக் கேட்கும். ஆமாம் என்றேன். ஸ்டியரிங்கைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். வந்தா ஸ்டேஷன்லேர்ந்து நான்தான் ஓட்டுவேன்னு சொல்லிட்டுப் போனா, அதுக்குத்தான் டப்பாவுக்குப் புது கிளட்ச் போட்டு வச்சேன் என்றார், அவ்வளவுதான்.

எனக்குப் புது வண்டி பிடித்திருக்கிறது. ஆனால் அதற்கு வயதானால் எப்படித் தெரியும் என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன், இருமாது, புகையாது, உள்ளே சார்ஜ் குறைந்துகொண்டே போனாலும் வெளியே அதே சிரித்த முகமாக நிற்கும். நீ போனில் பேசுவதும் சில நாள் அப்படித்தான் இருக்கிறது. முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல், தப்பில்லை. வண்டியை எடுத்துக்கொள்வோம், ஆனால் நீ விடுமுறைக்கு வந்து டப்பாவை ஸ்டேஷனிலிருந்து வீடு வரை ஒரு தரம் ஓட்டிய பிறகு. கிளட்ச் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும் என்று அப்பா இப்போதே சொல்லி வைக்கச் சொன்னார்.

நீ அங்கேயே இருப்பதில் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை. எந்த ஊரில் வீடு எடுத்தாலும் அது உனக்கு நல்லபடியாக அமையட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, அப்பாவிடம் நீயே உன் வாயால் சொல்ல வேண்டும். அவர் டப்பாவில் இருக்கும்போது கூப்பிடாதே, சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று வைத்துவிடுவார்.

எப்போதும் உன் நினைவாக,
அம்மா